கேள்வி கேட்டபின் மருந்து தரும் சாட்ஸ்வர்த் மருந்துக்கடை

டர்பனின் தென்மேற்கே சாட்ஸ்வர்த்தில், நாங்கள் குடியிருக்கும் பகுதியில், ஒரு குடும்பத்தார் பல காலமாக நடத்திவரும் சிறிய மருந்துக்கடையைப் பற்றிய மதிப்புரை இது. உரிமையாளர் விளம்பரத்தை விரும்பாதவர் என்பதால் அவருடைய வேண்டுகோளுக்கு இணங்கிக் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன். அக்கம்பக்கத்தாருக்கு எந்தக் கடை என்று சொல்லாமலே விளங்கிவிடும். ஓய்வு பெறும்வரை நான் இந்நகரின் நுண்ணுயிர் ஆய்வகம் ஒன்றில், நோயாளிகளின் இரத்தத்திலும் சீழிலும் வளரும் பாக்டீரியாக்களை இனங்கண்டு, அவை எந்த மருந்துக்குக் கட்டுப்படும், எதற்குக் கட்டுப்படாது என்று சோதித்துச் சொல்லும் பணியில் இருந்தேன். ஆகவே எந்த மருந்துக்கடைக்குப் போனாலும், ஆண்டிபயாட்டிக் மருந்துகளை அங்கே எவ்வளவு பொறுப்போடு கையாள்கிறார்கள் என்பதைத்தான் முதலில் கவனிப்பேன். அந்த வகையில் இந்தக் கடைக்கு ஈடான வேறொன்றை நான் டர்பனில் கண்டதில்லை.

விலையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடலாம். மருந்து நிறுவனங்கள் தனியார் கடைகள் அனைத்துக்கும் ஒரே விலையில்தான் மருந்தை விற்க வேண்டும் என்ற சட்டம் தென்னாப்பிரிக்காவில் 2004 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்மேல் கடைக்காரர் சேர்க்கும் வழங்கற்கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு. ஆகையால் ஒரே அமாக்சிசிலின் பெட்டியின் விலை கடைக்குக் கடை பெரிதாக மாறுவதில்லை. பேரங்காடிகளுக்குள் இயங்கும் கிளைக்கடைகளைவிட இங்கே சில ராண்ட் கூடுதலாகத்தான் ஆகிறது. அந்தச் சில ராண்டுக்கு என்ன கிடைக்கிறது என்பதே இந்த மதிப்புரையின் பொருள்.

தொண்டை வலி என்று ஒருவர் வந்து நின்றால் இங்கே என்ன நடக்கிறது என்பதை நான் பலமுறை வரிசையில் நின்றபடி பார்த்திருக்கிறேன். நம் நாட்டில் ஆண்டிபயாட்டிக் மருந்துகள் நான்காம் அட்டவணையைச் சேர்ந்தவை. மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. சட்டம் இப்படியிருந்தாலும், போன குளிர்காலத்தில் எழுதி வாங்கிய சீட்டை நீட்டுவது, வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரைகளோடு சேர்த்து முடிப்பதற்கு இன்னும் நான்கைந்து மட்டும் கேட்பது, தெரிந்தவர் என்ற உரிமையில் கெஞ்சுவது என்று மக்கள் எல்லா வழிகளையும் முயன்று பார்க்கிறார்கள். இந்தக் கடையின் மூத்த மருந்தாளர் முதன்மைச் சிகிச்சைக்கான கூடுதல் படிப்பை முடித்து, அரசின் வழிகாட்டு நெறிகளுக்கு உட்பட்டுச் சில நோய்களுக்குத் தாமே மருந்து எழுதும் அனுமதியும் பெற்றவர். அப்படிப்பட்டவரே கேள்வி கேட்காமல் ஒரு மாத்திரையும் தருவதில்லை. இருமல் உண்டா, மூக்கு ஒழுகுகிறதா, குரல் கம்மியிருக்கிறதா என்று கேட்பார். இவை இருந்தால் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம், அதற்கு ஆண்டிபயாட்டிக் எந்தப் பயனும் தராது. காய்ச்சல் இருந்து, இருமல் இல்லாமல், உள்நாக்கின் இருபுறமும் உள்ள டான்சில்களில் சீழ் படிந்து, கழுத்தின் முன்பக்கக் கணுக்கள் வீங்கி நொந்தால்தான் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாதான் காரணம் என்ற ஐயம் வலுக்கிறது. அப்போது பக்கத்து அறையில் இருக்கும் சிஸ்டர் தொண்டையிலிருந்து பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்து விரைவுச் சோதனை செய்கிறார். பத்து நிமிடத்துக்குள் முடிவு தெரிந்துவிடுகிறது.

அந்தச் சோதனைக்கும் எல்லைகள் உண்டு என்பதைக் கேட்பவரிடம் ஒளிக்காமல் சொல்வது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தொண்டை நோயை உண்டாக்கும் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இருக்கிறது என்று அது காட்டினால் பெரும்பாலும் நம்பலாம். இல்லை என்று காட்டினால் சிலரிடம் அது தவறாகவும் இருக்கக்கூடும். ஆகவே குழந்தைகளுக்கும் பள்ளிப் பருவத்தினருக்கும் ஐயம் தீராவிட்டால் இன்னொரு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி வளர்த்துப் பார்க்கச் சொல்கிறார்கள். இந்தத் தொண்டை நோய்க்குச் சிகிச்சை தராமல் விட்டால் பின்னர் வரக்கூடிய வாதக்காய்ச்சலால், இந்த நாட்டில் இதய வால்வுகள் கெட்டுப்போன பிள்ளைகளைக் கண்டவர்களுக்கு இந்தக் கவனத்தின் அருமை தெரியும். சோதனை உறுதியானால் தருவது பெனிசிலின் அல்லது அமாக்சிசிலின், அதுவும் பத்து நாளைக்கு. பத்து நாள் மாத்திரையை ஒழுங்காக விழுங்கமாட்டார் என்று தோன்றினால் பென்சத்தீன் பெனிசிலின் ஊசி ஒன்று. ஆண்டிபயாட்டிக் தரப்படாமல் திரும்பிப் போகிறவர்களையும் இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்து எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறார்கள். மருந்து விற்காத ஒருவருக்காக ஒரு கடை இவ்வளவு நேரம் செலவிடுவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

என் அண்ணியின் கதையைச் சொன்னால் இன்னும் தெளிவாகும். அவருடைய மருத்துவக் குறிப்புகள் அனைத்திலும் ‘பெனிசிலின் ஒவ்வாமை’ என்று எழுதியிருக்கும். சென்ற குளிர்காலத்தில் தொண்டை நோவுக்கு மருத்துவர் பெனிசிலின் குடும்பத்தைச் சேராத அசித்ரோமைசின் என்ற ஆண்டிபயாட்டிக்கை எழுதிக் கொடுத்தார். மருந்தாளர் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வாமை என்றால் அப்போது உடலில் என்ன நேர்ந்தது என்று கேட்டார். சிறு வயதில் மருந்து குடித்தபோது வயிற்றுப்போக்கு ஏற்பட்டதாகவும், அதை ஆயா ஒவ்வாமை என்று சொல்லி வைத்ததாகவும் அண்ணி விளக்கினார். தடிப்போ, உதட்டு வீக்கமோ, மூச்சுத்திணறலோ வந்ததில்லை. கடையின் பழைய பதிவைப் பார்த்தால், பல் பிடுங்கியபோது அவர் அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையை முழுதாக உட்கொண்டு நலமாகவே இருந்திருக்கிறார். அமாக்சிசிலினும் பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்ததே என்பது அண்ணிக்குத் தெரியாது. மருந்தாளர் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து இதைச் சொல்ல, அவர் உடனே மருந்தை மாற்றி எழுதினார். பெனிசிலின் ஒவ்வாமை உண்டு என்று சொல்லிக்கொள்பவர்களை முறையாகச் சோதித்தால், பத்தில் ஒன்பது பேருக்கு அந்த மருந்து ஒத்துக்கொள்கிறது. உண்மையான ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது உயிரையே பறிக்கும் என்பதால்தான் இப்படிக் கேட்டுப் பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

ஒரு மாத்திரைக்குப் பதில் இன்னொன்று என்று இதை எளிதாக எடுத்துக்கொள்ள முடியாததற்கு வலுவான காரணம் இருக்கிறது. 1945 டிசம்பரில் நோபல் உரை ஆற்றிய அலெக்சாண்டர் ஃபிளெமிங், தொண்டை வலிக்குத் தானாகவே பெனிசிலின் வாங்கிப் போதிய அளவின்றி உட்கொண்டு, ஸ்ட்ரெப்டோகாக்கஸை மருந்துக்குப் பழக்கிவிடும் ஒரு மனிதரைக் கற்பனையாக எடுத்துக்காட்டி எச்சரித்தார். அவர் அஞ்சிய எதிர்ப்பு, பெனிசிலினைப் பொறுத்தவரை, ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸிடம் இன்றுவரை வரவில்லை. எண்பது ஆண்டுகளாகப் பயன்பட்டும் பெனிசிலின் இந்த பாக்டீரியாவிடம் தன் வலிமையை இழக்கவில்லை என்பது மருத்துவத்தில் அரிய நற்பேறு. ஆனால் அசித்ரோமைசினும் எரித்ரோமைசினும் அடங்கிய மேக்ரோலைடு குடும்பத்தின் நிலைமை வேறு. அவற்றுக்குக் கட்டுப்படாத வகைகள் பல நாடுகளில் பரவியிருக்கின்றன. உலக சுகாதார அமைப்பு 2024இல் வெளியிட்ட, முன்னுரிமை தரவேண்டிய பாக்டீரியாக்களின் பட்டியலில் மேக்ரோலைடுக்குக் கட்டுப்படாத ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸும் இடம்பெற்றிருக்கிறது. அத்தகைய வகை தொற்றிய ஒரு பிள்ளைக்கு அசித்ரோமைசின் கொடுத்தால் தொண்டை வலி தானாகவே தணிந்துவிடும். பாக்டீரியா மட்டும் போகாமல் இருந்து வாதக்காய்ச்சலுக்கு வழி வைக்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றையும் அண்மையில் எங்கள் பக்கத்து வீட்டிலேயே கண்டோம். நான் மாமா என்று அழைக்கும் அந்தப் பெரியவருக்கு நீண்ட நாளாக நீரிழிவு. குதிகால் வெடிப்பில் ஏற்பட்ட சிறு புண்ணைப் பொருட்படுத்தாமல் இருந்துவிட்டார். ஒருநாள் காலை கணுக்காலுக்கு மேலே சிவந்து, காய்ச்சலும் நடுக்கமும் கண்டு, வலி தாங்காமல் மகளின் தோளைப் பற்றிக்கொண்டு இந்தக் கடைக்கு வந்து வலிமாத்திரை கேட்டார். மருந்தாளர் முகப்பை விட்டு வெளியே வந்து, நாற்காலியில் அவரை உட்காரவைத்துக் காலைப் பார்த்தார். வெளியே தெரிந்த சிவப்பு அவ்வளவு பெரிதாக இல்லை. வலியோ அதற்குச் சற்றும் பொருந்தாத அளவுக்குக் கடுமையாக இருந்தது. இந்தப் பொருத்தமின்மைதான் தோலுக்கு அடியில் தசையைச் சுற்றியுள்ள உறையைத் தின்றுகொண்டு பரவும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றின் முதல் அறிகுறி. சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டு, பக்கத்தில் நேரத்தைக் குறித்து, “அங்கிள், இப்போது மாத்திரை போட்டால் வலி மறைந்து நோயின் வேகம் டாக்டருக்குத் தெரியாமல் போய்விடும், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்” என்று சொல்லி, தாம் கண்டதை ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். மருத்துவமனையில் சேரும்போது சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தது. அன்றிரவே அறுவை சிகிச்சை செய்து அழுகிய திசுவை வெட்டி நீக்கினார்கள்.

இத்தகைய தொற்றுக்குப் பெனிசிலினும் கிளிண்டாமைசின் என்ற இன்னொரு ஆண்டிபயாட்டிக்கும் சேர்த்துத் தருவதே வழக்கம். பெனிசிலின் மட்டும் போதாதா என்ற கேள்வி நியாயமானது. பாக்டீரியா பெருகிப் பிரியும்போது அதன் செல்சுவரைக் கட்டவிடாமல் செய்வதுதான் பெனிசிலினின் வேலை. திசுவில் கோடிக்கணக்கில் நிரம்பியபின் பாக்டீரியாவின் பெருக்கம் மெல்ல நின்றுவிடுவதால் பெனிசிலினின் பிடியும் தளர்ந்துபோகிறது. ஹாரி ஈகிள் என்ற ஆய்வாளர் 1950களின் தொடக்கத்திலேயே விலங்குகளில் இதைச் செய்து காட்டினார். கிளிண்டாமைசின் பாக்டீரியாவின் புரத உற்பத்தியையே நிறுத்துவதால், பெருக்கம் நின்ற நிலையிலும் அது சுரக்கும் நச்சுக்களை அடக்குகிறது. உறுப்புகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்து, நச்சு அதிர்ச்சி என்ற நிலைக்கு நோயாளியைத் தள்ளுபவை அந்த நச்சுக்களே. அந்த நிலையை எட்டியவர்களில் பத்துக்கு மூவருக்கும் மேல் இறந்துபோகிறார்கள்.

மாமாவின் இரத்தத்தில் வளர்ந்தது ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ். அவருடைய மகள் ஆய்வக அறிக்கையை என்னிடம் காட்டினாள். பெனிசிலினுக்குக் கட்டுப்படுகிறது என்றும், எரித்ரோமைசினுக்குக் கட்டுப்படவில்லை என்றும், கிளிண்டாமைசினுக்குத் ‘தூண்டப்படும் எதிர்ப்பு’ உண்டு என்றும் அதில் இருந்தது. இந்த மூன்றாவது வரியை உரிய சோதனை செய்யாவிட்டால் காணவே முடியாது. இரத்தம் கலந்த ஊட்டத்தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, எரித்ரோமைசின் ஊறிய சிறு காகித வட்டையும் கிளிண்டாமைசின் வட்டையும் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்து ஓர் இரவு வளரவிடுவோம். கிளிண்டாமைசினைச் சுற்றிப் பாக்டீரியா வளராமல் முழு வட்டமாகத் தெளிந்திருக்க வேண்டிய பகுதி, எரித்ரோமைசின் இருக்கும் பக்கத்தில் மட்டும் தட்டையாகி ஆங்கில ‘D’ எழுத்தைப் போலத் தெரிந்தால், மருந்தை முறியடிக்கும் மரபணு பாக்டீரியாவுக்குள் இருக்கிறது, தூண்டுதல் கிடைத்தால் விழித்துக்கொள்ளும் என்று பொருள். கிளிண்டாமைசின் வட்டை மட்டும் வைத்துப் பார்க்கும் ஆய்வகம் ‘கட்டுப்படும்’ என்று எழுதி அனுப்பிவிடும். என் பணிக்காலத்தில் இந்தச் சோதனையை எந்த அவசரத்திலும் விடக்கூடாது என்று இளையவர்களிடம் வற்புறுத்தியிருக்கிறேன்; மாமாவின் அறிக்கையைப் பார்த்தபோது அதை விடாமல் செய்த அந்தப் பெயர் தெரியாத ஊழியருக்கு மனத்துக்குள் நன்றி சொன்னேன். மருத்துவர்கள் கிளிண்டாமைசினை நிறுத்தி லினெசோலிடு என்ற வேறொரு ஆண்டிபயாட்டிக்கைக் கொடுத்தார்கள். கால் பிழைத்தது, தோல் ஒட்டுச் சிகிச்சைக்குப் பிறகு மாமா வீடு திரும்பினார்.

எரித்ரோமைசினும் கிளிண்டாமைசினும் வேதியியலில் வெவ்வேறு குடும்பங்கள். இருந்தும் இரண்டும் பாக்டீரியாவில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் பற்றுகின்றன. ‘எர்ம்’ வகை மரபணு கொண்ட பாக்டீரியா அந்த இடத்தில் மீத்தைல் தொகுதி என்ற சிறு வேதித் துணுக்கை ஒட்டிவிட்டால் இரண்டு மருந்துகளுக்கும் பிடி கிடைக்காது. மேக்ரோலைடை மட்டும் வெளியே இறைத்துத் தள்ளும் வேறு வகை மரபணுவும் உண்டு. அது இருந்தால் கிளிண்டாமைசின் தப்பித்துக்கொள்ளும். அசித்ரோமைசின் உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ மூன்று நாள் ஆகிறது. மாத்திரையை முடித்த பிறகும் நெடுநாள் குறைந்த செறிவில் தங்கியிருந்து, தொண்டையிலும் மூக்கிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்களில் எதிர்ப்புள்ளவற்றை மட்டும் வாழவிடுகிறது. சளிக்கும் வைரஸ் தொண்டை வலிக்கும் வழங்கப்படும் அசித்ரோமைசின், இப்படித்தான் அறுவை அரங்கில் உயிர் காக்க வேண்டிய கிளிண்டாமைசினின் வலிமையையும் சேர்த்துக் கரைக்கிறது. மாமாவின் உடலில் இருந்த பாக்டீரியா எங்கிருந்து எதிர்ப்பைப் பெற்றது என்று யாராலும் சொல்ல முடியாது. ஓர் ஊரே சேர்ந்து உட்கொண்ட மருந்தின் விளைவு ஒருவருடைய காலில் வந்து நிற்கிறது. அண்ணியின் சீட்டை வைத்துக்கொண்டு மருந்தாளர் மருத்துவருக்குப் போட்ட தொலைபேசி அழைப்பை நான் இவ்வளவு பெரிதாக எண்ணுவது அதனால்தான்.

டர்பன்காரர்களுக்கு இதில் தனிப்பட்ட அக்கறை இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனத்திலேயே நுரையீரல் அழற்சியையும் மூளைக்காய்ச்சலையும் உண்டாக்கும் நிமோகாக்கஸ், பெனிசிலினுக்கும் குளோராம்பெனிகாலுக்கும் கட்டுப்படாமல் குழந்தைகளிடம் காணப்பட்டது 1977இல் எங்கள் டர்பனில்தான். அதே ஆண்டு ஜொகன்னஸ்பர்க்கில் இன்னும் பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத நிமோகாக்கஸ் கண்டறியப்பட்டு உலகம் முழுவதும் பேசப்பட்டது. ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸைப் போலன்றி, நிமோகாக்கஸ் தன் உறவினரான பிற வாய்ப் பாக்டீரியாக்களிடமிருந்து மரபணுத் துண்டுகளை வாங்கிக்கொண்டு பெனிசிலின் பற்றும் புரதங்களையே மாற்றிக்கொள்ளும் திறமை படைத்தது. 2009இல் தென்னாப்பிரிக்கா குழந்தைகளுக்கான நிமோகாக்கஸ் தடுப்பூசியை நாட்டுத் திட்டத்தில் சேர்த்தபின், இரண்டு வயதுக்குட்பட்டோரிடம் பெனிசிலினுக்குக் கட்டுப்படாத கடும் நிமோகாக்கஸ் நோய் சில ஆண்டுகளிலேயே நான்கில் மூன்று பங்குக்கும் மேல் குறைந்தது. மருந்துக் கட்டுப்பாட்டைவிடத் தடுப்பூசி விரைவாகப் பலன் தந்ததை ஆய்வகத்திலிருந்தே கண்ணாரக் கண்டவள் நான். இந்தக் கடையின் சிஸ்டர் முதியவர்களுக்கு அந்தத் தடுப்பூசியையும், குளிர்காலத்துக்கு முன்பே இன்ஃபுளுவென்சா ஊசியையும் போடுகிறார். இன்ஃபுளுவென்சா வந்து தளர்ந்த உடலில் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஆழமாகப் பாய்வது மருத்துவர்கள் நன்கறிந்தது. அதற்கு இன்னும் தடுப்பூசி இல்லாததால் இன்ஃபுளுவென்சா ஊசியே நமக்குக் கிடைக்கும் மறைமுகக் காப்பு.

காவடிக்கும் தீமிதிக்கும் முந்தைய வாரங்களில், நோன்பிருக்கும் நீரிழிவுக்காரர்களின் பாதங்களைக் கட்டணமின்றிப் பார்த்துக் கொடுப்பது இவர்கள் செய்யும் இன்னொரு நல்ல காரியம். வெறுங்காலோடு நடக்கப்போகிறவர்களிடம் வேண்டாம் என்று சொல்வதில்லை. வெடிப்பு இருந்தால் அதைச் சுத்தம் செய்து, திரும்பி வந்தபின் மீண்டும் காட்டச் சொல்கிறார்கள். வீட்டில் மிஞ்சிய ஆண்டிபயாட்டிக் மாத்திரைகளைத் திருப்பிக் கொடுத்தால் பெற்றுக்கொண்டு முறைப்படி அழிக்க அனுப்புகிறார்கள்.

குறைகளும் இருக்கின்றன. முகப்பில் மருந்தாளர் கேட்கும் கேள்விகளும் நாம் சொல்லும் பதில்களும் பின்னால் வரிசையில் நிற்பவர் காதில் விழுகின்றன. உடல்நலத்தைப் பற்றி அத்தனை நுணுக்கமாகக் கேட்கும் கடை, அதற்கென்று ஒரு தடுப்பாவது வைத்திருக்க வேண்டும். விரைவுச் சோதனைக்கான கட்டணத்தை எங்கள் மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீடு ஏற்க மறுத்தது. முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. சனிக்கிழமை காலையில் காத்திருப்பு மிக நீளும். மதியத்துக்குப் பின் சிஸ்டர் இருப்பதில்லை. ஆய்வக வண்டி ஞாயிற்றுக்கிழமை வராததால், சனிக்கிழமை எடுத்த தொண்டை மாதிரியின் முடிவு செவ்வாய் வரை இழுத்துவிடுகிறது. பத்து நாள் மாத்திரையை ஏன் நிறுத்தக்கூடாது என்று விளக்கும் தாள் ஆங்கிலத்திலும் இசிசூலுவிலும் மட்டுமே இருக்கிறது. தமிழ் படிக்கத் தெரிந்த பாட்டிமார்கள் எங்கள் பகுதியில் இன்னும் இருப்பதால், தமிழில் ஒன்றை எழுதித் தருவதாக நான் சொல்லியிருக்கிறேன், அவர்களும் அச்சிட இசைந்திருக்கிறார்கள்.

முதல்முறை செல்பவர்கள் இதுவரை சாப்பிட்ட மருந்துகளின் பட்டியலை எடுத்துக்கொண்டும், ஒவ்வாமை என்று எழுதியிருந்தால் அப்போது என்ன நேர்ந்தது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்டும் போவது பயன் தரும். சிஸ்டரின் அறைக்குத் தொலைபேசியில் முன்பதிவு செய்யலாம். வார நாட்களில் பிற்பகல் மூன்று மணிக்குள் மாதிரி கொடுத்துவிட்டால் அது அன்றைய வண்டியிலேயே ஆய்வகத்துக்குப் போய்விடும்.